'தந்தை வருமானம்' என்ற கட்டத்தில் நாற்பது வயதுக்காரர் என்ன எழுதுவார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே மாதம் பிறந்தால் எல்லா நாளிதழ்களிலும் கல்வி வழிகாட்டி வந்துவிடுகிறது. எந்தப் பாடப்பிரிவு, எந்தக் கல்லூரி, கட்-ஆஃப் எவ்வளவு என்று பக்கம் பக்கமாக இருக்கும். அத்தனையும் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கானது. ஒன்பதாம் வகுப்போடு நின்று ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்குப் போனவருக்கும், பத்து முடித்த கையோடு கல்யாணமாகிப் புதுவயலுக்கு வந்தவருக்கும், காரைக்குடியில் கண்டாங்கி நெய்துகொண்டே பிளஸ் டூ எழுதலாமா என்று யோசிப்பவருக்கும் அதில் ஒரு பத்திகூட இல்லை. இவர்களுக்குப் பண உதவியே இல்லை என்றால் பேச்சை இதோடு விட்டுவிடலாம். உதவி இருக்கிறது. ஆனால் எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும், படிப்பவர் என்றால் யாரோ ஒருவருடைய பிள்ளை என்று வைத்துக்கொண்டுதான் அச்சடித்திருக்கிறார்கள். பலர் பாதியில் திரும்பிவிடுவதற்கு அதுதான் காரணம்.

முதலில் நலவாரிய அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் வாரியம், கைத்தறி வாரியம், அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்கள் எல்லாவற்றிலும் 'கல்வி உதவித்தொகை' என்றொரு இனம் உண்டு. அட்டை வைத்திருப்பவர் தான் படிக்கப்போவதாக மனுக் கொடுத்தால் திரும்பி வந்துவிடும். அந்தத் தொகை உறுப்பினரின் பிள்ளைகளுக்கானது, உறுப்பினருக்கு அல்ல. அதற்காக நாலு தடவை சிவகங்கைக்குப் பேருந்து ஏறுவது வீண். பிள்ளைகள் பெயரில் வரவேண்டியதைக் கேட்டு வாங்கினால் வீட்டுச் செலவில் ஒரு பகுதி குறையும், அந்த மிச்சத்தில் தாய் படிக்கலாம். அந்த வாரியத்தால் இந்த விஷயத்தில் கிடைக்கிற பயன் அவ்வளவுதான்.

விட்ட இடம் எதுவோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் பள்ளியில் சேராமலே தனித்தேர்வராக எழுதலாம். எட்டாம் வகுப்புச் சான்று கையில் இருந்தால் போதும், வயதுக்கு உச்சவரம்பு இல்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் நாட்களுக்குள் அதற்கென உள்ள சேவை மையத்துக்கு நேரில் போய்ப் பதிய வேண்டும். செலவு சில நூறு ரூபாய்தான். இதற்கு உதவித்தொகை தேடி அலைவதைவிடக் கையிலிருப்பதைக் கட்டிவிடுவது நல்லது. இங்கே ஆட்களைக் கவிழ்ப்பது பணமில்லை, அறிவியல் செய்முறை. முதல்முறை எழுதும் நேரடித் தனித்தேர்வர் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக, தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே, மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகப் பதிந்திருக்க வேண்டும். ஒதுக்கிய பள்ளியில் 80 விழுக்காடு வருகையும் வேண்டும். இதைத் தவறவிட்டவர் டிசம்பரிலோ ஜனவரியிலோ தேர்வுக்குப் பதியப் போய் நின்றால், அந்த ஆண்டு போயிற்று. பிளஸ் டூவை நேரடியாக எழுதுபவருக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு: ஆய்வகச் செய்முறை இல்லாத பாடங்களைத்தான் எடுக்க முடியும். நர்சிங் போகும் எண்ணத்தில் தனித்தேர்வராக உயிரியல் எழுதலாம் என்று இருப்பவர் அந்த எண்ணத்தை இப்போதே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தப் படிகளைத் தாண்டி நேரே பட்டத்துக்குப் போய்விடலாம் என்று சொல்லும் துண்டுப் பிரசுரங்களை நம்ப வேண்டாம். பத்து, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது என்று 18.08.2009 தேதியிட்ட அரசாணை எண் 107 சொல்கிறது. அறிவுக்காகப் படிப்பவருக்கு அதனால் குறையில்லை. பட்டம் கேட்கும் குரூப் 2 தேர்வு எழுத வேண்டும், அங்கன்வாடிப் பணியிலிருந்து மேலே போக வேண்டும் என்று படிப்பவர் மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் கட்டி முடித்த பிறகுதான் இந்த ஆணையைக் கேள்விப்படுகிறார். ஆணை வந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகியும் இப்படித்தான் நடக்கிறது.

முப்பது, நாற்பது வயதில் திரும்பி வருபவருக்கு இந்த வட்டாரத்தில் பண உதவி கூடுதலாகக் கிடைக்கிற இடம் எது என்று கேட்டால், எங்கள் பதில் அரசு ஐடிஐ, அதாவது அரசுத் தொழிற்பயிற்சி நிலையம். கல்லூரிக்கு இருக்கிற மதிப்பு ஐடிஐக்கு இல்லாததால் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பாடநூல், வரைபடக் கருவிகள், சீருடை, காலணி, சைக்கிள், பேருந்துப் பயண அட்டை எல்லாம் அரசு தருகிறது. 750 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் சாதிச் சலுகை, முதல் பட்டதாரி என்று எந்தத் தகுதியிலும் வராதவருக்கும் இது கிடைக்கிறது. பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமும் இல்லை என்பதால் கோட்டையூரிலிருந்தோ பள்ளத்தூரிலிருந்தோ வந்துபோகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறி, இரண்டாண்டு ஐடிஐ பிரிவை முடித்தவர், பிளஸ் டூ தேர்வில் தமிழ், ஆங்கிலம் இரண்டை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். எட்டாம் வகுப்புத் தகுதியில் சேர்ந்து இரண்டாண்டுப் பிரிவை முடித்தவர் பத்தாம் வகுப்பு மொழிப்பாடங்களை எழுதினால் பத்துக்கு இணையான சான்று உண்டு. கணக்கும் அறிவியலும் கண்டு பயந்து படிப்பை விட்டவருக்கு இது நல்ல வழி. கையில் ஒரு தொழில், மாதாமாதம் கொஞ்சம் பணம், கடைசியில் மேற்படிப்புக்கான தகுதி என மூன்றும் சேர்ந்து வருகின்றன. இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் முடியும். கவனிக்க வேண்டியது பிரிவின் கால அளவு. கணினி இயக்குபவர் பிரிவான 'கோபா', தையல் தொழில்நுட்பம் போன்றவை ஓராண்டுதான். இணைச் சான்று வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் கலந்தாய்வில் உட்காரும்போதே இரண்டாண்டுப் பிரிவைக் கேட்க வேண்டும். சேர்ந்த பிறகு வேலை, கல்யாணம், காதுகுத்து என்று விடுப்பு எடுத்து வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வுக்கு விடமாட்டார்கள்.

கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவர்களுக்கு வருவோம். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோர் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம் படித்தால் இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான வரம்பு இல்லாமல் உதவி உண்டு. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மெட்ரிக்குப் பிந்தைய (பத்தாம் வகுப்புக்கு மேலான படிப்புக்கான) உதவித்தொகைக்கும் அதே 2.5 லட்சம்தான் வரம்பு. இவற்றுக்கு விண்ணப்பிப்பது கல்லூரி வழியாக. ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு உதவித்தொகைதான் வாங்க முடியும். முன்பு ஒரு பி.ஏ.வுக்கு வாங்கியவர் இன்னொரு பி.ஏ.வுக்குக் கேட்டால் 'அதே நிலைப் படிப்பு' என்று தள்ளுபடியாகும். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு கேட்டாலும் சிக்கல்தான்.

அந்த 'தந்தை வருமானம்' கட்டம் வருவது இங்கேதான். திருமணமாகி, வேலைக்குப் போகாத பெண் என்றால் மெட்ரிக்குப் பிந்தைய திட்ட விதிப்படி கணக்கில் வருவது கணவர் வருமானம். பலர் தகப்பனார் பெயரில் சான்று வாங்கி வருகிறார்கள். குடும்ப அட்டையில் பெயர் புகுந்த வீட்டில் இருக்கும், சான்று பிறந்த வீட்டு முகவரியில் இருக்கும், இரண்டும் ஒட்டாது. கணவரால் கைவிடப்பட்டவர் அதற்கான சான்றையும், கணவரை இழந்தவர் விதவைச் சான்றையும் முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு தன் பெயரில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பதே சரியான வரிசை. வரிசை மாறினால் வி.ஏ.ஓ. 'கணவர் வருமானம் காட்டப்படவில்லை' என்று எழுதித் திருப்பிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், வருமானத்துக்கு ஆதாரமோ சுய உறுதிமொழிப் படிவமோ வேண்டும். முதல்முறை போகிறவருக்குக் குடிமக்கள் கணக்கு எண் உருவாக்குவார்கள். அதில் கைபேசி எண்ணைத் தன்னுடையதாகவே கொடுக்க வேண்டும். மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் மனு நிராகரிக்கப்பட்ட செய்தி அவருக்குத்தான் போகும், நாம் சான்று வரும் வரும் என்று காத்திருப்போம். மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று போய்வர வேண்டியிருப்பதால் கல்லூரி திறக்கும் மாதத்தில் கூட்டம் நெரியும். ஏப்ரலிலேயே போட்டுவிடுவது நல்லது. சான்று ஓராண்டுக்குச் செல்லும். செட்டிநாட்டுக்கு என்று ஒரு கூடுதல் தொல்லையும் இருக்கிறது. ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. ராயவரத்துக்காரர் காரைக்குடியில் படிக்கலாம், ஆனால் சான்று திருமயம் வட்டத்திலிருந்துதான் வர வேண்டும்.

பெயரும் பிறந்த தேதியும் அடுத்த கண்ணி. பள்ளி மாற்றுச் சான்றில் அப்பாவின் முன்னெழுத்து இருக்கும், ஆதாரில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும், வங்கிக் கணக்கில் மூன்றாவது விதமாக இருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை, எல்லாம் ஒரே வீட்டில் எழுதியது. திரும்பி வருபவர் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றையே மூலமாக வைத்து ஆதாரை அதற்கேற்ப மாற்ற வேண்டும். மதிப்பெண் சான்றை ஆதாருக்கு ஏற்ப மாற்றப் போனால் ஆண்டுகள் ஓடிவிடும். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறையும் பெயரை இருமுறையும்தான் மாற்ற அனுமதி, அவசரத்தில் தப்பும் தவறுமாகச் செய்து வாய்ப்பை இழக்கக் கூடாது. பிறகு வங்கி. உதவித்தொகை நாம் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாது, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். மகளிர் குழுவுக்கு ஒன்று, நூறு நாள் வேலைக்கு ஒன்று, எரிவாயு மானியத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருப்பவருக்குப் பணம் எங்கே விழுந்தது என்றே தெரிவதில்லை. வங்கிக்குப் போய் 'ஆதார் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது' என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அவை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்துவிட்டுக் கல்லூரிக்கோ ஐடிஐக்கோ நேரில் போகிறவர்களுக்கு. தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது.

தொலைநிலைதான் வேலைக்குப் போகிறவருக்கு ஒத்துவரும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி காரைக்குடியிலேயே இருக்கிறது. ஆனால் தொலைநிலைக்குப் போகும்போது மேலே சொன்ன உதவிகளில் பலவும் கைவிட்டுப் போகும். அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சேருமுன் அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இந்தப் படிப்புக்கு உங்கள் வழியாக உதவித்தொகை விண்ணப்பம் அனுப்புகிறீர்களா?' சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குக் குறிப்பிட்ட சில படிப்புகளில் கட்டண விலக்கு உண்டு. ஒரு சேர்க்கைப் பருவத்தில் ஒரு படிப்புக்குத்தான். கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்கலாம் என்று இருக்கக் கூடாது, விண்ணப்பிக்கும்போதே விலக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதுரையில் அதன் மண்டல மையம் இருக்கிறது.

எங்கே சேர்ந்தாலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் 'டெப்' அடையாள எண் இப்போது கட்டாயம். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, நாம் எடுக்கும் படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையப் பக்கத்தில் கட்டி ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பேருந்து நிலைய மாடியில் பலகை மாட்டியிருப்பவரின் ஜி-பே எண்ணுக்கு அனுப்பிய பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை. 'ஒரே வருடத்தில் டிகிரி' என்பவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடலாம்.

வங்கிக் கடன் பற்றிச் சுருக்கமாக. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரில் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறந்த மண் இது. கடன் கணக்கு நமக்குப் புதிதல்ல. கல்விக் கடனின் பொதுவான மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை சொந்தப் பங்கும் பிணையமும் தேவையில்லை. படிப்புக் காலமும் மேலே ஓராண்டும் தவணை இல்லை. அதற்குப் பின் 15 ஆண்டு வரை கட்டலாம். நாற்பது வயதுக்காரருக்கு இடிப்பது அந்தப் பதினைந்து ஆண்டுதான். மேலாளர் வயதைக் கூட்டிப் பார்ப்பார். மகளிர் குழுக் கடனில் தவணை தவறியிருந்தால், கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் சிபில் பதிவில் அது நிற்கும். ஆகவே விண்ணப்பிக்குமுன் அந்தப் பதிவை எடுத்துப் பார்த்து, பாக்கி இருந்தால் தீர்த்து, தீர்த்த கடிதத்தையும் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். தான் படிக்கத் தன் பெயரில் வாங்கிய கடனின் வட்டிக்கும், பழைய முறையில் வருமான வரி கட்டுபவருக்கு எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு, பிள்ளைக்கு மட்டுமல்ல. தொலைநிலைப் பட்டத்துக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் ஆகும். அதற்குக் கல்விக் கடன் தேடுவது வேண்டாத வேலை. குழுவின் உள்கடனோ வங்கி நகைக்கடனோ போதும், அதுவும் அந்த ஆண்டுக் கட்டணத்துக்கு மட்டும்.

கடைசியாக அறக்கட்டளைகள். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வள்ளல் அழகப்பர் கொடுத்த ஊர் இது. படிப்புக்குக் கொடுப்பவர் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சிலர் தம் சமூகத்துக்கு மட்டும் கொடுப்பார்கள், சிலர் எல்லோருக்கும். கேட்கும் விதத்தில்தான் மனு கெடுகிறது. 'படிப்புக்கு உதவி செய்து வாழ்வளிக்க வேண்டுகிறேன்' என்று இரண்டு பக்கம் எழுதுகிறார்கள், தொகை இருக்காது. பேரேடு பார்த்துப் பழகியவர்களிடம் அது எடுபடாது. மொத்தக் கட்டணம் எவ்வளவு, எவ்வளவு கையில் இருக்கிறது, எவ்வளவு குறைகிறது, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று ஒரே பக்கத்தில் வர வேண்டும். நிறுவனத்தின் கட்டண விவரம் முத்திரையோடு, படிப்பதற்கான போனஃபைட் சான்று, வருமானச் சான்று, கடைசி மதிப்பெண் நகல் சேர்த்து, காசோலையைக் கல்லூரி பெயருக்கே தரும்படி கேட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். கட்டிய ரசீதின் நகலை ஒரு வாரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு உதவி நின்றுபோனவர்களில் பெரும்பாலோர் அந்த ரசீதைக் கொடுக்காதவர்கள். ஏப்ரல், மே மாதத்துக்குள் மனுப் போக வேண்டும், ஜூலையில் போனால் ஒதுக்கிய பணம் முடிந்திருக்கும். அரசு உதவித்தொகை கைக்கு வர ஆண்டின் கடைசி ஆகிவிடுகிறது, கட்டணமோ சேரும்போதே கேட்கிறார்கள். இந்த இடைவெளியை அடைப்பதற்கு அறக்கட்டளைப் பணம் மிகவும் ஏற்றது.

மாவட்ட நிர்வாகத்துக்கு எங்கள் கோரிக்கை ஒன்றுதான். உதவித்தொகை விண்ணப்பங்களில் 'பெற்றோர்' கட்டத்துக்குப் பக்கத்தில் 'கணவர் / மனைவி / சுயம்' என்று இன்னொரு கட்டம் சேர்க்கும்படி மேலே எழுத வேண்டும்.

தங்களுக்கும் ஒன்று. தனித்தேர்வர் பதிவு அறிவிப்பும் செய்முறைப் பயிற்சிப் பதிவு அறிவிப்பும் நாளிதழ்களில் நான்கு வரிச் செய்தியாக, உள்பக்கத்து மூலையில் வருகின்றன. பதிவு நடப்பதோ ஏறக்குறைய பத்து நாள். அந்த நான்கு வரியை முதல் பக்கத்தில் போடும்படி நாங்கள் கேட்கவில்லை. ராசிபலனுக்குப் பக்கத்தில் போட்டால் போதும், யார் கண்ணிலும் தப்பாது.

இப்படிக்கு,
கல்வி விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி.